திரியர் வழக்கு

திருச்சபையும் அரசும் கைகோத்துச் செய்த கொடுமை என்றாலே பலரும் சிலுவைப் போர்களுக்குத்தான் போகிறார்கள். என்னை உறுத்துவது அதற்கு எழுநூறு ஆண்டு முந்திய ஒரு வழக்கு.

303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் ஆட்சியில் வேதகலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் வேட்டை. கோயில்களை இடித்தார்கள், மறைநூல்களை எரித்தார்கள். 313-இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. 325-இல் நிசேயாவில் ஆயர்களை (பிஷப்புகளை) மன்றமாகக் கூட்டியதே பேரரசர் கான்ஸ்டன்டைன்தான், அப்போது அவர் திருமுழுக்குக்கூட (ஞானஸ்நானம்) பெறவில்லை. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசு மதமாகவே ஆக்கிவிட்டார். சரி, அப்புறம்?

ஸ்பெயினில் ஆவிலா ஆயர் பிரிசில்லியன், கடுந்துறவைப் போதித்தவர். அது தப்பறை, அதாவது திருச்சபைப் போதனைக்கு மாறானது, என்று சக ஆயர்கள் சிலர் கிளம்பினார்கள். ஆயர் மன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று அவரே மேற்கே ஆண்ட பேரரசர் மாக்சிமுஸிடம் முறையிட, வழக்கு இன்றைய ஜெர்மனியில் உள்ள திரியர் நகருக்குப் போனது. அங்கே குற்றச்சாட்டு சூனியமாக மாறியது. ரோமச் சட்டத்தில் சூனியத்துக்கு மரண தண்டனை உண்டே!

இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகர ஆயர் மார்ட்டின் அங்கே ஓடினார். முன்னாள் படைவீரர், வாள் என்ன செய்யும் என்று அறிந்தவர். தப்பறை என்றால் சபையைவிட்டு விலக்கினால் போதும், திருச்சபை வழக்கில் அரசு நீதிபதிக்கு என்ன வேலை என்று மன்றாடினார். ரத்தம் சிந்தமாட்டேன் என்று பேரரசரிடம் வாக்கும் வாங்கினார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு விசாரணை மறுபடி தொடங்கியது. 385-இல் பிரிசில்லியனின் தலையை வெட்டினார்கள். அவரைப் பின்பற்றிய யூக்ரோசியா என்ற விதவையும் தப்பவில்லை.

வேதகலாபனைக்குத் தப்பியவர்களின் பேரன்கள் காலம் அது. அதற்குள் ஆயர்களே ஓர் ஆயரை அரசனின் வாளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

“கொன்றது மாக்சிமுஸ், திருச்சபை அல்ல” என்று நம்மவர்கள் சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. முன்னின்று குற்றம் சாட்டியவர் இத்தாசியுஸ் என்ற ஆயர். மிலான் ஆயர் அம்புரோஸ் அந்தக் கூட்டத்தோடு உறவே வேண்டாம் என்று விலகி நின்றார். கறை யாருடையது என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

மார்ட்டினுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. பிரிசில்லியனைப் பின்பற்றியவர்களில் மிச்சமிருப்பவர்களைத் தேடிப்பிடிக்க ஸ்பெயினுக்குப் படை அனுப்பத் திட்டம். அதைத் தடுப்பதற்காக, மனமே இல்லாமல் இத்தாசியுஸ் தரப்போடு ஒரு முறை திருவிருந்தில் பங்கெடுத்தார். உயிர்களைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை எந்த ஆயர் மன்றத்திலும் அவர் கால் வைக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் மார்ட்டின் தன் மேலாடையை வெட்டிப் பிச்சைக்காரருக்குப் பாதி கொடுத்த கதையைச் சொல்கிறோம். இந்தக் கதையையும் சொல்ல வேண்டும். தேர்தல் நேரத்தில் ஆயர் இல்ல வாசலில் வேட்பாளர்கள் வரிசை கட்டும் ஊரில் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.