டயட் இருப்பவர் வாயைக் கிளறாதீர்கள்

உடம்பு இளைக்கிறதோ இல்லையோ, பொறுமை நன்றாக இளைத்துவிட்டது. காலையில் உடற்பயிற்சி முடித்து வரும்போது எல்லாரும் நல்லவர்களாகத் தெரிகிறார்கள். மதியம் 3 மணிக்குப் பேனா மூடி உருண்டு மேசைக்கு அடியில் போனால் அழுகை வருகிறது. பக்கத்தில் யாராவது மொறுமொறுவென்று எதையாவது மென்றால் கொலைவெறி.

இதில் "எல்லாம் மனசுதான், பாசிட்டிவா இரு" என்று அறிவுரை வேறு. மனசு மட்டும் இல்லை சார், ஹார்மோன்! சாப்பாட்டைக் குறைத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. மாவுச்சத்தையும் சேர்த்து வெட்டினால் தசையில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் குறைந்து, மாடிப்படி ஏறவே கால் கெஞ்சுகிறது. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை மாதக்கணக்கில் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அவர்களும் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு நன்றாகவே புரிகிறது.

சோர்வாக இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் சொன்னால், இன்னும் ஒரு செட் போடு என்கிறார். தூக்கம் குறைந்தால் பசி கூடும், பசித்தால் தூக்கம் வராது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரி என்று ஓய்வு நாள், கூடுதல் புரதம், குறைப்பதில் கொஞ்சம் நிதானம் என நானே மாற்றிக்கொண்டேன். முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் இன்று எடை இயந்திரம் நேற்றைவிட அதிகம் காட்டுகிறது. உப்பு, தண்ணீர் என்று ஆயிரம் காரணம் இருக்கும், தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?