"ஊட்ட போகணும்" என்றால் என்ன சொல்வார்கள்?

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். பத்து மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். முழுக வார்த்து, தலை இழுத்து, பவுடர் பூசி, வரிசையாகக் கதிரையில் இருத்தியிருப்பார்கள். பின்னேரம் ஐந்தரைக்குப் போங்கள். முடிந்தால் சொல்லாமல் போங்கள். மறதி நோய்க்காரருக்கு வில்லங்கம் தொடங்குகிற நேரம் அது. பொழுது படப் பட மனம் அந்தரப்படும், கை துணிமணியைப் பொட்டலம் கட்டும், கால் வாசல் படலையைத் தேடும். "ஊட்ட போகணும்", அதாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழும்புவார்கள்.

என் அம்மாவுக்கு வயது 79. நான்கு வருடமாக இந்த நோய். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் இதற்கு ஒரே பெயர்தான், அறளை. "கிழவிக்கு அறளை பேந்துட்டு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கோ மறதியில் தொடங்கவே இல்லை. முற்றத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றுதான் தொடங்கியது. "அந்தப் புள்ளையளுக்குத் தேத்தண்ணி குடு மனே, வெயிலுக்க நிக்குதுகள்" என்பார். முற்றத்தில் கோழியைத் தவிர யாரும் இல்லை. பெரியம்மா செய்வினை என்று முடிவெடுத்து நூல் கட்டுவித்தார். நானும் கூடத்தான் போனேன், மறைக்கவில்லை. நூல் கட்டிய பிறகு முற்றத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் கூடினார்கள்.

பிறகு கிளினிக்கில் டொக்டர் ஆறுதலாக இருத்திச் சொன்னார், இது லூயி பொடி (Lewy body) என்ற மறதி நோய் வகை என்று. மறதி நோயில் அல்சைமர்தான் அதிகம், நூற்றுக்கு 60, 70 பேருக்கு அதுதான். லூயி பொடியில் இல்லாத ஆளும் மிருகமும் அச்சொட்டாகக் கண்ணுக்குத் தெரியும். நித்திரையில் கத்துவார்கள், கை கால் வீசுவார்கள். நடை இறுகும். ஒரு மணித்தியாலம் தெளிவாகக் கதைத்தவர் அடுத்த மணித்தியாலம் வேறு ஆளாக இருப்பார். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆளை அடக்கக் கொடுக்கிற ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது. உடம்பு விறைத்துப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதை ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார். கடதாசியைப் பைலுக்குள் வைத்தேன்.

வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பாருக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண் பிள்ளைக்கு. மூத்தவள் கலியாணம் முடித்தால் தாய் தகப்பன் இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, வளவுக்குள்ளேயோ பக்கத்திலேயோ இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்தவள் முடித்தால் அதையும் கொடுப்பார்கள். அம்மா அப்படி மூன்று வீடு கண்டவர். ஆரையம்பதியில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரை 1978 நவம்பர் சூறாவளியில் பறந்தது. சுவர் நின்றது. திருத்தி மூத்தக்காவுக்குக் கொடுத்தார். சின்னக்காவுக்கு நாவலடியில் கட்டிய வீட்டை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது. அக்காவும் பிள்ளைகளும் அன்று ஆரையம்பதியில் நின்றதால் தப்பினார்கள். மூன்றாவது, கல்லடியில் நான் இருக்கிற இந்த வீடு.

அம்மா பின்னேரம் "ஊட்ட போகணும்" என்று எழும்பும்போது எந்த வீட்டைச் சொல்கிறார் என்று யாருக்குத் தெரியும்? "இதுதானம்மா ஊடு" என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். ஒருநாளும் எடுபடவில்லை. "இது உன்ட ஊடு புள்ள, எனக்குத் தெரியாதா?" என்பார். சரியாகத்தான் சொல்கிறார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது.

போன வருடம் ஒரு விடியப்புறம் மூன்று மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் நின்றவரை, மீனுக்குப் போன ஒருவர் கண்டு ஓட்டோவில் ஏற்றி வந்தார். கையில் பன்பை. உள்ளே ஒரு சேலை, வெற்றிலைத் தட்டம், என் மகளின் ஒற்றைச் செருப்பு. பாலத்துக்குக் கீழே வாவி. அன்றைக்குத்தான் இல்லம் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பகிடி பண்ணுவார்கள். பெற்ற தாயை ஓர் இரவு பாயோடு ஒட்டவைக்கிற வித்தை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் பார்த்த இடம் கனடாவில் இருக்கிற அண்ணன் தேடிப் பிடித்தது. வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார். "டைல்ஸைப் பாரு, கண்ணாடி மாதிரி!" உண்மையாகவே கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. அம்மா வாசலில் நின்று கீழே பார்த்தார். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஏறிட்டு மனே." ஓரடி எடுத்து வைக்கவில்லை. அங்கே நின்றவர்களும் நானும் சிரித்துவிட்டோம். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. இந்த நோயில் மினுங்குகிற தரை தண்ணீராகத் தெரியும், கறுப்புக் கால்மிதி குழியாகத் தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கொமட் என்றால் எதில் இருப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்து விழுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படத்தில் வடிவாகத் தெரிகிற இடத்தில்தான் எங்கள் கிழவிகள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் அண்ணனின் மனம் நோகக்கூடாதென்று ஒரு கிழமை விட்டுப் பார்த்தோம். ஐந்தாம் நாள் போனேன். அம்மா பலகை மாதிரிக் கிடந்தார். வாயால் வீணீர் வடிந்தது, கை மடங்கவில்லை. "இரவில எழும்பித் திரியிறா, மற்ற ஆக்களுக்குக் கரைச்சல், அதான் ஒரு குளிசை குடுத்தம்" என்றார்கள். டொக்டரின் கடதாசி பைலுக்குள் நான் மடித்து வைத்த மடிப்புக் குலையாமல் இருந்தது. பிறகு அம்மா எழும்பி நடக்கப் பதினாறு நாள் சென்றது. அது எந்த இடம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர்கள் பொல்லாத ஆட்களும் இல்லை. முப்பது பேரைப் பார்க்க இரவில் இரண்டு பேர். குளிசைதான் மூன்றாவது ஆள்.

அதனால் "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று பொதுவாகக் கேட்டு ஏமாறாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். குளிசையை எந்த டொக்டர் எழுதினார், எப்போது குறைப்பார் என்று கேளுங்கள். லூயி பொடிக்கு மட்டும் சொல்லவில்லை. மறதி நோய் உள்ள வயதானவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005 இலும் 2008 இலும் எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, ஆள் திடீரென்று கூடக் குழம்பினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "நோய் முத்திட்டு" என்று பதில் வந்தால் யோசியுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி வந்தால் காய்ச்சல் இல்லாமலே புத்தி தடுமாறலாம். மலச்சிக்கலுக்கும் தண்ணீர் குடிக்காததற்கும் அப்படித்தான். அம்மாவுக்கு இரண்டு தரம் நடந்தது. மருந்து எடுத்து ஒரு கிழமைக்குள் பழைய நிலைக்கு வந்தார்.

இரண்டாவது இடத்தில் சுவரில் பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. அதைப் பார்க்கத்தான் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதியச் சொல்கிறது. சந்தேகம் என்றால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். சரி. அந்தச் சான்றிதழுக்குக் கீழே பதினொரு பெண்கள் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. பதினொரு பேருக்கும் ஒரே பூப்போட்ட நைட்டி. பேன் தொல்லை, கழுவவும் லேசு என்றார் பொறுப்பாளர். காரணம் பொய்யில்லை.

ஆனால் என் அம்மா கொண்டை போடாமல் படலைக்கு வெளியே போனதில்லை. இன்றைக்கும் என் பெயர் மறந்துபோகும், கொண்டை மறக்காது. கை தானாகப் போய்ச் சுற்றி முடிந்துகொள்ளும். வெற்றிலையும் அப்படித்தான். காம்பு கிள்ளி, நரம்பு வாரி, சுண்ணாம்பு தடவி மடிக்கிற கைக்கு ஒரு நோயும் இல்லை. தலை மறந்ததைக் கை வைத்திருக்கும் என்று டொக்டரும் சொன்னார். அங்கே வெற்றிலைக்கும் தடை, துப்பி ஊத்தையாக்குவார்களாம். நான் தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிவிட்டேன்.

கொழும்பில் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். இருப்பார்கள். லங்கா அல்சைமர்ஸ் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குச் சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் வராது. இந்த நோயில் இரண்டு மொழி தெரிந்தவர்களில் பலருக்கே பிறகு படித்த மொழி முதலில் கழன்றுவிடும், தாய் பேசிய மொழிதான் கூடக் காலம் நிற்கும். அம்மா "வெளிக்குப் போகணும்" என்று சொல்லும்போது, அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை வெளிக் கதவைப் போய்ப் பூட்டும். பிறகு சேலை நனைந்ததற்கு ஏச்சும் விழும். கொழும்புக் கதையை அதோடு விட்டேன்.

மூன்றாவது இடத்தை எங்கள் வேலைத்தலத்தில் கூட்டுகிற அக்கா சொன்னார். படம் எடுத்துப் போடுகிற மாதிரி இடமில்லை. பழைய கல்வீடு, வெடித்த சீமெந்துத் தரை, ஒன்பது பேருக்கு ஒரு கொமட். மழைக்கு விறாந்தையில் வாளி வைக்கிறார்கள். பின்னேரம் 5.40 இருக்கும், நான் போய்ச் சேர்ந்தபோது. ஒரு ஆச்சி படலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதே சொல்தான். ஊட்ட போகணும். அங்கே வேலை செய்கிற பெண் கையில் தேங்காய்ப்பூ ஒட்டியபடி குசினியிலிருந்து வந்து, ஆச்சிக்குப் பக்கத்தில் நின்று அவரும் படலையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊடு ஆச்சி? கிணத்தடியில புன்னை நிக்கிற ஊடா?"

"அது மாமிட ஊடு."

"அப்ப உங்கட ஊட்டுல என்ன நிக்கும்?"

"மாதாளை."

"எத்தனை?"

ஆச்சி படலையை விட்டுவிட்டு விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டே இருவரும் கிணற்றடிப் பக்கமாக நடந்தார்கள். வேலியை ஒட்டி ஒரு பாதை, கால் பட்டுப் பட்டுப் புல் செத்த பாதை. படலையில் தொடங்கி வளவைச் சுற்றிப் படலைக்கே வருகிறது. இரண்டாவது சுற்றில் ஆச்சி மாமியைத் திட்டிக்கொண்டிருந்தார், அழவில்லை. "இதெல்லாம் எங்க படிச்ச நீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "எங்கட அம்மம்மாக்கும் அறளைதானே மிஸ்" என்றுவிட்டுப் புட்டு அவிக்கப் போய்விட்டார்.

நான்கு வருடம் நான் அம்மாவோடு வாதாடிய வாதம் அந்த வளவில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. டைல்ஸ், சான்றிதழ், கமரா எல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "ஊட்ட போகணும்" என்று ஒருவர் எழும்பும்போது அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் காணாமல் காசு கட்டாதீர்கள். கதவைப் பூட்டுகிறார்களா, அதட்டுகிறார்களா, "நாளைக்குப் போகலாம்" என்று ஒவ்வொரு நாளும் பொய் சொல்கிறார்களா, குளிசைப் போத்தலைத் தேடுகிறார்களா? அதைப் பார்க்கத்தான் ஐந்தரைக்குப் போகச் சொல்கிறேன்.

அந்த இடத்திலும் குறை இருக்கிறது. டொக்டர் மாதம் ஒரு தரம்தான். நேர்ஸ் இல்லை. இரவில் ஒன்பது பேருக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். "படுக்கையில் விழுந்தாலும் வைத்திருப்பீர்களா?" என்று கேட்டேன். "ஏலாது மிஸ், தூக்க ஆளில்ல" என்றார் பொறுப்பாளர். அந்தப் பதிலுக்காகவே அவரில் நம்பிக்கை வந்தது. மற்ற இரண்டு இடத்திலும் எதைக் கேட்டாலும் "பிரச்சினை இல்ல, பார்ப்பம்" என்றார்கள்.

இனிச் சொந்தக்காரர். "பெத்த தாய இல்லத்தில போட்டுட்டாள்." சின்னக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு மாமி வீட்டுக்கே வந்து அழுதார். "மாமி, ஒரே ஒரு இரவு அம்மாவோட படுங்க, நான் நித்திரை கொள்றன்" என்றேன். பிரஷர் இருக்கிறது என்று சொல்லி எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். முந்தி ஒரு வளவுக்குள் தாய், மகள், பெரியம்மா, மச்சாள் என்று நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி நெல் அவித்தால் மற்றவள் கிழவியைப் பார்த்தாள். இப்போது ஒருத்தி கட்டாரில், ஒருத்தி லண்டனில். மிச்சமிருக்கிற நான் ஏழரைக்கு வேலைக்கு ஓட வேண்டும். வளவு கலைந்ததைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. அந்த நான்கு பெண்களின் வேலையை ஒருத்தி செய்யவில்லை என்பதுதான் ஊருக்குக் குற்றம்.

அம்மா அங்கே போய் ஏழு மாதம். அண்ணன் அனுப்பிய காசில் இரண்டாவது கொமட் பூட்டினோம், சிவப்பு இருக்கையோடு. நான்கு குடும்பம் சேர்ந்து இரவுக்கு இன்னொரு ஆளின் சம்பளத்தைக் கொடுக்கிறோம். கிழமைக்கு மூன்று நாள் வேலை முடிந்து வெற்றிலையோடு போகிறேன். போன செவ்வாய் தூறலுக்குள் போய்ப் படலையில் நின்றேன். அம்மா கொண்டையை முடிந்துகொண்டே என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க மனே, வெயிலுக்க நிக்குது."

ஊற்றித் தந்தார்கள். சீனி கூடிவிட்டது.