"உட்காருப்பா, கேக் வரும்"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாண மஹாலில் நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. பாதி ஊர் வீடியோ பார்த்துவிட்டது. மீதி ஊர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க சித்தப்பா தானே?" என்று கேட்டுவிட்டது. ஆமாம், அவர்தான். கடலோர கிராமங்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற ஆய்வறிக்கையின் வெளியீட்டில், முன்வரிசையிலிருந்து எழுந்து, "இதுல என் போட்டோவ எதுக்குப் போட்டீங்க? என்னையப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டவர் அவர்தான். "உட்காருப்பா, கேக் வரும்" என்று மைக்கில் பதில் சொன்னார்கள். மஹாலே சிரித்தது. கேக்கும் வந்தது. கேள்விக்குப் பதில்தான் இன்றுவரை வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அவர்களைப் பற்றி எழுதுவதென்றால் அவர்களிடம் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம் இல்லை, அவர்களிடம்.

அந்த அறிக்கைக்காகக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வந்தார்கள், மோர் கொடுத்தோம். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேள்விகள் எல்லாம் எனக்கு. அவருக்குத் தானாகக் குளிக்கத் தெரியுமா? காசு எண்ணுவாரா? கிழமை சொல்வாரா? (மற்ற கிழமை தப்பும், கூலி கொடுக்கும் கிழமை தப்பவே தப்பாது.) கோபம் வருமா? மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், அவருக்குக் கோபம் வருமா என்று என்னைக் கேட்கிறார்கள்! கடைசியில் அவரே, "என்னையக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டது. ஒப்புதல் தாளையும் என்னிடம்தான் நீட்டினார்கள். அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அவர் போடுவார் என்றேன். "பரவால்லங்க, கார்டியன் போட்டா போதும்" என்று சொல்லி, உள்ளேயிருந்து வந்த எங்கள் அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

போதாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் வழியில் விளக்கி, அவருடைய சம்மதத்தை வாங்காமல் அவரை ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது. அதோடு, இதற்கென அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இது, நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதல்ல. ஞாயிறு மேடையில் இருந்த அத்தனை பேரில் பாதி வேண்டாம், ஒருவர்?

உடனே "அவங்களுக்கு ஆராய்ச்சி பத்தி என்ன தெரியும்" என்று ஆரம்பிப்பீர்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1974-இலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று அமைப்பு தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஜான் (Jan) வாம்ஸ்லி போன்ற ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலேயே உள்ளடக்கிய ஆய்வு என்று இதற்கு ஒரு இலக்கணம் வகுத்தார்கள். எதை ஆராய்வது என்பதிலேயே அவர்களுக்குப் பங்கு வேண்டும். ஆய்வு போகிற போக்கின் மீது அவர்களுக்குப் பிடிமானம் வேண்டும். கேள்வியும் முடிவும் அவர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கேட்டது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். பேராசிரியர்களுக்கு உறைக்காதது, வலையிலிருந்து நண்டு எடுக்கிற மனிதருக்கு உறைத்திருக்கிறது.

"எல்லாராலும் பேச முடியுமா?" முடியாது. பேசாதவர்களுக்குப் படம் காட்டலாம், கூடவே நாலு நாள் இருந்து பார்க்கலாம், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று கவனிக்கலாம். நேரம் ஆகும். நேரம் இல்லையென்றால் ஆய்வு செய்யாதீர்கள், யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

"உங்க சித்தப்பாவுக்கு லேசானது, அதான் பேசுறீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். லேசானது! அவரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கே அவரை அழைத்துப் போகாமல் விட்ட சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள். அப்பத்தா போன பதினாறாம் நாள் முற்றத்தில் உட்கார்ந்து, இவரை எந்த ஹோமில் சேர்ப்பது என்று பேசினார்கள். அன்றும் அவர் அங்கேயேதான் இருந்தார். அன்றும் அவரை யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "நான் எங்கிட்டும் வரல. இது எங்க ஆத்தா வீடு."

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். விடிந்ததும் கரைக்குப் போவார். கால் உடையாமல் நண்டு எடுப்பார், கால் உடைந்தால் விலை போகாது. கூலியில் தனக்கு வேண்டிய மீனைத் தானே பார்த்து வாங்கிக் குழம்பு வைப்பார், புளி தூக்கலாகத்தான் இருக்கும். டீக்கடை அண்ணன் கணக்கு வைத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு குரல் கொடுக்கும். "அப்போ தனியா வாழலையே, நாலு பேர் பாத்துக்கிறாங்களே" என்பீர்கள். நீங்கள் மட்டும் யார் துணையும் இல்லாமலா வாழ்கிறீர்கள்? உங்கள் சோற்றை யார் ஆக்குகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு என்னிடம் வாருங்கள். எங்கே, யாரோடு வாழ்வது என்பது அவரவர் தேர்வு என்று ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. வங்கிக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது. பாஸ்புக்கோடு போய் நின்றவரைப் பார்க்காமல், "கார்டியன் வரலியா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

"எங்க காலத்துக்கு அப்புறம் யார் பாப்பா" என்று கேட்கிற அம்மாக்களே, உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயம் அப்பத்தாவுக்கும் இருந்தது, கண்ணை மூடும்வரை இருந்தது. ஆனால் பயத்துக்கு மருந்து பூட்டுப் போட்ட கட்டடம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நாம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்து போனார்கள், 28 பேர். அது மனநோய், இது வேறு, தெரியும், கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். அவர்களையும் "பாத்துக்கிறோம்" என்று சொல்லித்தானே வாங்கி வைத்தார்கள்? சங்கிலி வேண்டுமா என்று அவர்களில் யாரையாவது கேட்டார்களா? எனக்கு அந்த மஹால் சிரிப்பு ஏன் அவ்வளவு வலித்தது என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இரண்டாம் கட்ட ஆய்வுக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக வாருங்கள். காலையில் வராதீர்கள், அவர் கரையில் இருப்பார். பதினொரு மணிக்கு மேல் வந்து அவரிடம் நேரம் கேளுங்கள். என் நம்பருக்குப் போன் போட வேண்டாம், அவரிடமே போன் இருக்கிறது. முதல் அறிக்கையில் அவரைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அடிக்கச் சொல்வார், அடித்துவிடுங்கள். கணக்கெடுக்கும் பிள்ளைகளுக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதை அவருக்கும் கொடுங்கள், ரூபாயாக.