கச்சான் காலத்தில் தூண்டிலைச் சுருட்டி வைப்போம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம், பாலமீன்மடு முகத்துவாரம், கல்லாற்றுப் பாலம், உன்னிச்சைக் குளத்துக் கட்டு. பின்னேரம் இந்தப் பக்கங்களில் போய்ப் பார்த்தால் தெரியும், தூண்டில் போடுகிறவர்களின் தொகை வருசத்துக்கு வருசம் கூடுகிறது. முந்தி கையில் தங்கூசி (நைலோன் நூல்) சுருளோடு நின்றவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இப்போது ரீல் பூட்டிய கம்பு, பொய்யிரை, தலையில் லைட் என்று பொடியன்கள் வந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் சந்தோசம்தான். வாவியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு தலைமுறை வருவது நல்ல விசயம். நானும் அவர்களோடு நிற்கிற ஆள். அதனால்தான் இதை நேரே சொல்ல நினைக்கிறேன்.

பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிற நாங்கள், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றின் காலத்தில், வெயில் உச்சத்தில் நிற்கிற கிழமைகளில் தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டும். நான் சொல்வது எங்களுக்கு மட்டும்தான். தோணி தள்ளிக்கொண்டு போய் வலை இழுத்து அன்றன்றைக்கு வீட்டுக்கு அரிசி வாங்குகிறவர்களுக்கு இல்லை. அவர்களிடம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. நாங்கள் நிறுத்தினால் யாருடைய அடுப்பும் அணையாது. அதனால் முதலில் விலக வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஏன் என்று கேட்டால், தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். உப்புக் கலந்தால் இன்னும் குறையும். மீனுக்கோ சொந்த உடல் சூடு என்று ஒன்று இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ மீனும் அவ்வளவு சூடு. பத்துப் பாகை ஏறினால் அதன் உடலுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படுகிற அதே நேரத்தில் தண்ணீரில் இருப்பது குறைந்துபோகிறது.

எங்கள் மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் பல இடங்களில் ஆள் உயரம்கூட ஆழம் இல்லை. இப்படிப்பட்ட தண்ணீர் வெயிலுக்குச் சீக்கிரம் சூடேறும். கோடையில் முகத்துவாரம் மண் மூடிவிட்டால் கடல் தண்ணீர் வந்துபோகிற வழியும் அடைபட்டுவிடும். வயலில் போட்ட பசளையும் பட்டணத்துக் கழிவும் சேர்ந்து பாசி பச்சையாகப் படரும். இந்தப் பாசி பகலில் ஒட்சிசனை விடும், இரவில் அதுவே ஒட்சிசனை இழுக்கும். விடியப்போகிற நேரத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நீந்துவதை அந்த நேரத்தில் வாவியில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கச்சான் காற்று அடிக்கும்போது அலை எழும்பித் தண்ணீரைக் கலக்கிவிடும், அது ஓரளவுக்கு உதவி. காற்று விழுந்து, இலை அசையாமல், உடம்பெல்லாம் புழுங்குகிற இரவுகள்தான் மீனுக்குக் கண்டம்.

“மனே, தண்ணி இப்பிடிக் கிடக்கக்குள்ள வலையில பட்ட மீன் தோணிக்கு ஏறமுன்னமே செத்திரும்” என்று வாவியில் காலமெல்லாம் தொழில் செய்த ஒரு அப்பச்சி எனக்குச் சொன்னார். இப்படி மூச்சு முட்டிக் கிடக்கிற மீனைத்தான் நாங்கள் தூண்டிலில் கொளுவி, ‘பைட் நல்லாக் குடுக்குது’ என்று இழுத்து விளையாடுகிறோம்.

இழுபடுகிற மீன் தன் முழுப் பலத்தையும் கொடுத்துப் போராடும். தசையில் லக்ரிக் அமிலம் ஏறும். இரத்தத்தின் சமநிலை குழம்பும். பிறகு கரைக்கு எடுத்து, முள்ளைக் கழற்றி, போனைத் தேடி, ஒரு படம், சரியாக வரவில்லை என்று இன்னொரு படம். தண்ணீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நடக்காது. 1992ஆம் ஆண்டு கனடாவில் வானவில் ட்ரவுட் மீனை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். களைக்கும்வரை துரத்திவிட்டு வெளியில் எடுக்காமலே விட்ட மீன்களில் 12 வீதம் இறந்தன. களைத்த பிறகு 30 விநாடி காற்றில் பிடித்தவற்றில் 38 வீதம் இறந்தன. ஒரு நிமிடம் பிடித்தவற்றில் 72 வீதம். அது குளிர் தண்ணீர் மீன், எங்கள் செப்பலிக்கும் கொடுவாவுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் களைத்த மீனுக்கு வெளியில் கழிகிற ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு பாரம் என்பது அதில் விளங்கும். விட்ட மீன் வாலை அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனதை மட்டும் பார்த்துவிட்டு நாங்கள் திருப்தியோடு வீட்டுக்கு வருகிறோம். அது சாவது அதற்கும் பிறகு, நாங்கள் பார்க்காத இடத்தில்.

பாலத்துக்கு மேல் நின்று பிடிக்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். தொங்கத் தொங்க மேலே இழுத்து, கொதிக்கிற கொங்கிறீற்றில் போட்டு, படம் எடுத்து, அந்த உயரத்திலிருந்து திரும்பத் தண்ணீரில் எறிவதை ‘ரிலீஸ்’ என்று சொல்லாதீர்கள். அப்படிப் பிடித்தால் சமைத்துச் சாப்பிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் மேல். வெயில் காலத்தில் கறிக்குத் தேவையான இரண்டு மீனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர், பத்துப் பிடித்துப் பத்தையும் ‘விட்டு’ப் படம் போடுகிறவரைவிட வாவிக்குக் குறைவாகத்தான் கெடுதல் செய்கிறார் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 73 பாகை பரனைற்றை, அதாவது ஏறத்தாழ 23 செல்சியசைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது என்று அறிவிப்பார்கள். 2016 ஓகஸ்டில் அங்கே யெலோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கில் வெள்ளைமீன்கள் செத்து மிதந்தன. காரணம் சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு ஒட்டுண்ணி. தண்ணீர் குறைந்து சூடேறியதால் மீன்கள் அந்த நோய்க்குத் தாங்கவில்லை. உடனே ஏறத்தாழ 183 மைல் தூரத்துக்கு ஆற்றை மூடினார்கள். தூண்டிலோடு சேர்த்துப் படகு, நீச்சல், மிதவை எல்லாவற்றுக்கும் தடை. உல்லாசப் பயணத்தை நம்பி இருக்கிற ஊர்கள் அவை. இருந்தும் மூடினார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர், “அப்ப நாங்களும் பின்னேரம் போடாம காலமைல போடுவம்” என்றார். அங்கேதான் கவனம் வேண்டும். அவர்களுடைய ஆறு மலைப் பனி உருகி வருகிற ஆறு, இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும், அதனால் காலை பாதுகாப்பு. எங்கள் வாவியில் இரவிலும் சூடு பெரிதாக இறங்காது, விடியப்புறம் ஒட்சிசனும் அடிமட்டத்தில் இருக்கும். மத்தியானம் சூடு, விடிய மூச்சு முட்டல். எங்களுக்கு நல்ல நேரம் என்று ஒன்றைப் பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால்தான் நேரக் கட்டுப்பாடு போதாது, அந்தக் கிழமைகளையே விட்டுவிடுவோம் என்கிறேன்.

மீனின் நோய் பற்றியும் நாங்கள் கதைப்பது குறைவு. சூடு கூடும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி தளரும், சில கிருமிகளுக்கோ அதுதான் கொண்டாட்டம். திலாப்பியாவையும் கொடுவாவையும் வளர்க்கிற ஆசிய நாடுகளிலும் அவுஸ்திரேலியாவிலும் ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா சூடான தண்ணீரில்தான் கூடுதலாகத் தாக்குகிறது. கண் பிதுங்கும், மீன் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி நீந்தும். உவர்த் தண்ணீரில் விப்ரியோ வகைக் கிருமிகளும் சூட்டில் பெருகும். அவற்றில் சில மனிதருக்கும் ஆபத்து. கையில் வெட்டுக்காயத்தோடு மீனைத் தொடுகிறவர்களும், கெளிற்று முள் குத்தினால் துடைத்துவிட்டுப் போகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

எல்லா நோயும் சூட்டில் வருவதில்லை. 1980களின் கடைசியில் நாடு முழுக்க விரால் மீன்களில் சிவந்த ஆழமான புண் வந்ததை வயதானவர்கள் சொல்வார்கள். அது பங்கசைப் போன்ற ஒரு உயிரியால் வருகிற புண்நோய். கோடை முடிந்து பெருமழை விழுந்து தண்ணீர் சட்டென்று குளிர்கிறபோது அது தலைதூக்கும். ஆக, மீனின் உடம்பை உலைப்பது சூடு மட்டுமில்லை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாய்கிற காலநிலை. நீண்ட வறட்சி, பிறகு ஒரேயடியாக வெள்ளம். 2011 தையில் வந்ததையும் 2024 கார்த்திகையில் வந்ததையும் மட்டக்களப்பும் அம்பாறையும் மறக்க முடியாது. அதே 2024தான் அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து உலகின் ஆகச் சூடான ஆண்டு. தொழில்மயத்துக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 பாகை கூடுதல் என்று உலக வானிலை நிறுவனம் கணக்குக் கொடுத்தது.

கொடுவாவைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஆட்களின் கனவு மீன் அது. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் பருவமடையும். பல வருசம் வளர்ந்து, நீளம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிற பருவத்தில் பெண்ணாக மாறும். அப்படியென்றால் தோளில் போட்டுப் படம் எடுக்கிற அந்தப் பெரிய கொடுவா அநேகமாகத் தாய் மீன். இலட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. முட்டை போட அதற்குக் கடலின் உப்புத் தண்ணீர் வேண்டும், முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிழக்குக் கரையோரம் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுக்கக்கூடாது, 120க்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. கார்த்திகை தொடக்கத்திலிருந்து மாசி தொடக்கம் வரை கொடுவா பிடிப்பே தடை. சின்னனை விடு என்று எங்களுக்கும் வீட்டில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெரிசையும் விடு என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதை இனி நாங்கள்தான் எங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

விடுவதென்றால் விடுகிற மாதிரி விட வேண்டும். மெல்லிய தங்கூசியில் அரை மணித்தியாலம் இழுத்து விளையாடாமல், பாரமான நூல் போட்டு விரைவாக எடுங்கள். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கிற சின்னக் கூர்முனையைக் குறட்டால் நெரித்துவிட்டால் முள் சுலபமாகக் கழரும். மீனைத் தொடமுன் கையை நனையுங்கள், அதன் மேலுள்ள வழுவழுப்புத்தான் கிருமிக்கு எதிரான முதல் வேலி, உலர்ந்த கை அதை உரித்துவிடும். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், நூலை வெட்டிவிடுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் இருக்கட்டும், எடுக்கிறவர் குனியட்டும். இவ்வளவும் தண்ணீர் ஓரளவு குளிர்ந்திருக்கிற காலத்துக்கான கதை.

“கண்டல் காட்டை வெட்டினவன், வாவியை நிரப்பினவன், கழிவைத் திறந்துவிட்டவன் எல்லாரையும் விட்டுட்டுத் தூண்டில்காரன்ர கையையா பிடிக்கிறாய்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவை பெரிய காரணங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டலும் கண்ணாவும் நின்ற கரையில் நிழல் இருந்தது, குஞ்சு மீனுக்கு ஒளிப்பிடம் இருந்தது. யுத்த காலத்தில் பாதுகாப்பு என்று சொல்லி வெட்டியதும், பிறகு காணிக்காக வெட்டியதும் சேர்ந்து அந்தக் கரைகளில் பலவற்றை மொட்டையாக்கிவிட்டன. அதற்கும் குரல் கொடுப்போம், மரமும் நடுவோம். ஆனால் அது பல வருசத்து வேலை, பல பேரின் கையில் இருக்கிற வேலை. கம்பு எங்கள் கையில் இருக்கிறது. இந்தக் கிழமையே வைக்கலாம்.

வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் தேவையில்லை. வாவிக் கரையில் எங்களைப் போல் அடிக்கடி நிற்கிறவர்கள் குறைவு. மலிவான ஒரு வெப்பமானியை நூலில் கட்டி ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறக்கிப் பார்த்து எழுதி வைக்கலாம். புண் உள்ள மீன், கண் பிதுங்கிய மீன், கூட்டமாக மேலே மிதக்கிற மீன் கண்டால் திகதியோடும் இடத்தோடும் படம் எடுத்து கடற்றொழில் பரிசோதகருக்கும், குளமென்றால் நன்னீர் மீன்வளத்தைப் பார்க்கிற அரச நிறுவனமான நெக்டாவின் அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். செத்த மீன் கரை ஒதுங்கிய பிறகு ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் முந்திய கணக்கு இருப்பதில்லை. அந்தக் கணக்கை நாங்கள் வைத்திருக்கலாம்.

கடைசியாக, போட்டி நடத்துவது பற்றிக் கதைக்கிற தம்பிமாருக்கு. வெளிநாட்டு உறவுகள் வருகிற ஆடி, ஆவணியில் வைத்தால் ஆட்கள் சேருவார்கள் என்று யோசிக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் கச்சானும் வெயிலும் உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான். தை, மாசிக்குத் தள்ளுங்கள். நிறைக்குப் பரிசு கொடுக்காதீர்கள், அது தாய் மீனுக்கு விலை போடுகிற வேலை. அளவை விதிகளின் முதல் வரியில் போடுங்கள்: 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவா பட்டால் தண்ணீரில் வைத்தே விட வேண்டும், கரையில் ஏற்றினால் புள்ளி இல்லை. அப்படி நடத்துவதென்றால் ஒழுங்கு செய்கிற வேலைக்கு நான் வருகிறேன். வெப்பமானியையும் கொண்டு வருகிறேன்.