எவ்வளவு பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

போன வாரம் வெளியான அந்த ஓடிடி தொடரைப் பற்றி இங்கே முகநூலில் நடந்ததை என் நட்பு வட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் யார், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கதைக்குள் மறுபடியும் போக எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமை நள்ளிரவு 12 மணிக்குத் தொடர் வெளியானது. விடியற்காலை மூன்றரை மணிக்கு "ஒரே லேக், டைம் வேஸ்ட், யாரும் பார்க்காதீங்க" என்று தீர்ப்பு வந்துவிட்டது. லேக் என்றால் இழுவையாம். எட்டுப் பகுதிகளையும் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற தொடர் அது. மூன்றரை மணி நேரத்தில் அதை எப்படிப் பார்த்து முடித்தீர்கள் என்று பகிர்ந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு நான் எழுதியது அந்தத் தீர்ப்புக்கான பதில்கூட அல்ல. ஐந்தாம் பகுதியில் வருகிற ஆஸ்பத்திரிக் காட்சி என்னை உலுக்கிவிட்டது என்று பத்து வரி எழுதினேன். ஐந்து பகுதிகள்தான் பார்த்திருக்கிறேன், மீதியைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதையும் அதிலேயே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே முதலில் வந்த கேள்வி, "எவ்ளோ குடுத்தாங்க அக்கா?" என்பது. இரண்டாவதாக வந்தது இது: "அந்த ஆஸ்பத்திரி சீனா? பத்து செகண்ட் பட்டனைப் பதினெட்டு தடவை தட்டித் தாண்டிட்டேன்." அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட சிரிப்புக் குறிகள். அவற்றில் என் உறவினர்கள் இரண்டு பேருடையதும் இருந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கருத்துச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் எவ்வளவு பார்த்தீர்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பகுதியோடு நிறுத்திவிட்டேன் என்றால் அதை எழுதுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன் என்றால் அதை எழுதுங்கள். சமைத்துக்கொண்டே காதால் மட்டும் கேட்டேன் என்றாலும் அதை எழுதுங்கள். படிப்பவர் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விதி அல்ல. திரையரங்குக் காலத்தில் நம் வீடுகளில் இது தானாகவே நடந்தது. "இன்டர்வெல்லயே எழுந்து வந்துட்டேன்" என்று சொல்லாத சித்தப்பா எந்தக் குடும்பத்தில் இருந்தார்? படம் பிடிக்கவில்லை என்பதோடு, பாதிதான் பார்த்தேன் என்பதும் அந்த வார்த்தையில் இருந்தது. கேட்டவர்கள், இரண்டாம் பாதி நன்றாக இருந்தாலும் இருக்கும் என்று தாங்களே போய்ப் பார்த்தார்கள். வீட்டில் திரையைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்து போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் அவரே சொன்னால் ஒழிய நமக்குத் தெரிய வழியில்லை.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அலுவலகத்தில் இருந்த ஒரு மூத்த அம்மா. 2021இல் படங்கள் நேராக ஓடிடியில் வந்துகொண்டிருந்த காலம். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போவதற்குள் கைப்பேசியில் ஒரு படத்தின் முதல் இருபது நிமிடங்களைப் பார்த்தேன். பேசின் பிரிட்ஜ் அருகே வழக்கம்போல் சிக்னலுக்காக வண்டி நின்றது. பக்கத்தில் ஒருவர் சத்தமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார், எனக்கு உட்கார இடமில்லை, ஒரு காதில் மட்டும்தான் இயர்போன் வேலை செய்தது. அங்கே நின்றபடியே அலுவலக வாட்ஸ்அப் குழுவில், "படம் தேறாது, யாரும் பார்க்க வேண்டாம்" என்று போட்டுவிட்டேன். அந்த அம்மா மாலையில் என் மேசைக்கு வந்து, "எங்கே பார்த்தே, எவ்வளவு பார்த்தே?" என்று இரண்டே கேள்வி கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் நேத்து ராத்திரி முழுசா பார்த்தேன், கடைசி அரை மணி நேரம் அழுதுட்டு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்தக் குழுவில் இருந்த முப்பது பேரில் என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எவ்வளவு பார்த்தேன் என்று எழுதாமல் எதைப் பற்றியும் நான் எழுதியதில்லை.

"காசு கட்டினேன், சொல்வது என் உரிமை" என்கிறீர்கள். உரிமைதான், அதை யாரும் பறிக்கவில்லை. 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்கள் வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்தது. அன்று நான் நீதிமன்றத்தின் பக்கம் நின்றேன், இதே பக்கத்தில் அதை எழுதினேன், தேடிப் பார்த்தால் கிடைக்கும். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன். காசு கட்டியவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உண்டு. பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்லும் உரிமை அந்தச் சந்தாவில் எங்கே இருக்கிறது? ஓட்டலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்து எழுந்து வரலாம். வெளியே வந்து பாயசம் கெட்டுப்போயிருந்தது என்று சொல்ல முடியாது, பாயசம் இலைக்கு வரவே இல்லையே.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பானைக்குள் இருக்கிற அரிசி முழுக்க ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. அதனால் ஒரு சோறு போதும். தொடர் அப்படி வேகிறதா? 2022இல் வந்த சுழல் தொடரின் முதல் பருவத்தை பிரம்மா, அனுசரண் என்ற இரண்டு இயக்குநர்கள் பகிர்ந்துகொண்டு இயக்கினார்கள். முதல் பகுதியை மட்டும் பார்த்தவருக்கு இரண்டாமவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கதையும் அப்படித்தான். முதல் பகுதியில் குற்றவாளியாகத் தெரிகிறவர் நான்காவதில் வேறு ஆளாகத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். முதல் பகுதி சலித்தால் "முதல் பகுதி சலித்தது" என்று எழுதுங்கள், அது உண்மையான, எல்லோருக்கும் பயன்படுகிற கருத்து.

எண்ணிக்கையே தொழிலாக இருக்கிற நிறுவனங்களுக்கும் இந்த வேறுபாடு தெரியும். 2020 தொடக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸ் இரண்டு நிமிடம் ஓடினாலே ஒருவர் பார்த்ததாகக் கணக்கு வைத்தது. எல்லோரும் கேள்வி கேட்டார்கள். 2023இலிருந்து, மொத்தமாகப் பார்க்கப்பட்ட நேரத்தை அந்தப் படைப்பின் நீளத்தால் வகுத்துச் சொல்கிறது. தங்கள் கணக்கைப் பெரிதாகக் காட்ட விரும்புகிறவர்களே இரண்டு நிமிடத்தைப் பார்த்தல் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள், நாம்தான் இன்னும் விடவில்லை.

வேகத்தைக் கூட்டும் வசதியே வேண்டாம் என்கிறீர்களா என்றும் கேட்டீர்கள். 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் அதைச் சோதித்தபோது ஜட் அப்பட்டோ போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனாலும் அடுத்த ஆண்டே அந்த வசதி வந்துவிட்டது. அது வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காது கேளாதவர்கள் எழுத்தைப் படிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது, பார்வையற்றவர்களில் பலர் வேகமான ஒலிக்குப் பழகியவர்கள். அவர்களுக்கு அது தேவை. நமக்கு அவசரம்தான் காரணம் என்றால், அவசரத்தில் பார்த்தேன் என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

நேரம் இல்லை என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நேரமில்லாவிட்டால் பார்க்க வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

லேக் என்ற அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நாம் ஒரு முறை கண்ணால் பார்த்தோம். 2024 செப்டம்பரில் மெய்யழகன் திரையரங்குகளுக்கு வந்தது. நீளம் அதிகம் என்ற பேச்சு கிளம்பி, வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். அடுத்த மாதம் அது ஓடிடிக்கு வந்ததும் இதே முகநூலில், இதே மனிதர்கள், இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதை இவ்வளவு நிதானமாக எடுத்திருக்கிறார்களே என்று உருகி உருகி எழுதினார்கள். அந்த நிதானத்துக்குத்தான் முதல் வாரத்தில் வேறு பெயர் வைத்திருந்தோம். ஒரு காட்சி மெதுவாகப் போனால், ஏன் மெதுவாகப் போகிறது என்று ஒரு நிமிடமாவது யோசிக்கக் கூடாதா?

அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைப் பதினெட்டு முறை தட்டித் தாண்டியவர்களுக்காக, அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கதையைக் கெடுக்கிற எதுவும் இதில் இல்லை. பிணவறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஊழியர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கவரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். கவருக்குள் மகனுடைய பர்ஸ், ஒரு சாவி, கைக்கடிகாரம். அந்தக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கவரைத் திறக்காமல், பிளாஸ்டிக்குக்கு மேலாகவே கட்டைவிரலால் கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம், யாரோ ஒரு பெயரைக் கூப்பிடும் சத்தம். மூன்று நிமிடம் அவ்வளவுதான். வசனம் கிடையாது, இசை கிடையாது.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஓர் அரசு மருத்துவமனையில், அப்படியான ஒரு பெஞ்சில் நானும் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மாதவரம் பக்கம் நடந்த சாலை விபத்தில் என் தம்பி போய்விட்டான். அவனுக்கு அப்போது 29 வயது. காவலர் வந்து விசாரணைக் காகிதங்களை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிரேதப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் உடல். காலை எட்டரைக்குப் போனோம், உடலைத் தந்தபோது பிற்பகல் மூன்றரை தாண்டியிருந்தது. புது வேட்டி கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், அம்மா அதை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். ஏழு மணி நேரமும் அந்தப் பையின் காதுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அழவில்லை, பேசவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அந்தக் காத்திருப்பை அனுபவித்த யாருக்கும் மூன்று நிமிடம் நீளம் என்று தோன்றாது. அனுபவிக்காதவர்கள் நீளம் என்று நினைத்தால் நான் கோபப்பட மாட்டேன், உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்வேன். ஆனால் தாண்டிப் போனதை எழுதிச் சிரிக்காதீர்கள். அதற்குச் சிரிப்புக் குறி போட்ட இரண்டு உறவினர்களும் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள்.

"இது உங்கள் சொந்தக் கதை, அதை வைத்துத் தொடரை நல்ல தொடர் என்று சொல்வது சரியா?" என்று நியாயமாகக் கேட்ட தோழிக்கு: நல்ல தொடர் என்று நான் சொல்லவே இல்லை. மூன்றாம் பகுதியில் காவல் நிலையத்தில் நடப்பது நம்பும்படியாக இல்லை, பின்னணி இசை பல இடங்களில் வசனத்தை அமுக்கிவிடுகிறது, வடசென்னைப் பேச்சு என்று நினைத்து இரண்டு நடிகர்கள் பேசுவது எங்கள் பகுதியில் யாரும் பேசாத பேச்சு. எனக்குக் காசு கொடுத்திருந்தால் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன் என்று அந்த முதல் கேள்வியைக் கேட்டவருக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு அதைக் கேட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அம்மாவோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். அவருக்கு இப்போது 68 வயது, கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பகுதிக்கு மேல் பார்ப்பதில்லை. அந்தக் காட்சி வந்ததும் நான் பதறி ரிமோட்டை எடுத்தேன், தாண்டிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காட்சி முடியும்வரை விடவில்லை. முடிந்த பிறகு, திரையைப் பார்த்தபடியே, "அவன் வாட்ச்சும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார். ஒன்பது வருடங்களில் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. காவல் நிலையத்திலிருந்து வந்த அந்தக் கடிகாரம் அவரிடம்தான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நேற்று இரவு ஆறாம் பகுதி பார்த்தோம். இன்னும் இரண்டு இருக்கின்றன. முடித்த பிறகு தொடரைப் பற்றி எழுதுகிறேன்.