மினி பஸ் பாட்டுதான், அதற்கு என்ன?

வால்பாறைக்கு வேனில் போனபோது நடந்த விவகாரத்தை மறுபடி விளக்க வேண்டியதில்லை. என் போனில் ஓடிய பாட்டு லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாலைந்து பாட்டுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "மினி பஸ் லிஸ்ட்" என்று குரூப்பில் போட்டதையும் அதற்கு விழுந்த சிரிப்பையும் எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், முடியவில்லை.

ஆமாம், அது மினி பஸ் பாட்டுதான். அதை ஏன் கெட்ட வார்த்தை மாதிரி சொல்கிறீர்கள்?

அந்த லிஸ்ட்டில் 213 பாட்டு இருக்கிறது. பாதிக்கு மேல் ராஜா சார். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, நாகூர் ஹனிபா, ரகுமான் எல்லாம் உண்டு. வட்டம் விழுந்தது தேவா, எஸ்.ஏ. ராஜ்குமார் இசையமைத்த பாட்டுகளுக்கு மட்டும். ராஜா சார் பாட்டும் அதே பஸ்ஸில்தான் ஓடியது, அதற்கு யாரும் வட்டம் போடவில்லை.

1997இல் மினி பஸ் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குள் பஸ் என்ற ஒன்று வந்தது. அதுவரைக்கும் அம்மா கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நாலு கிலோமீட்டர் நடப்பாள், விடிவதற்கு முன்னால். பஸ் வந்ததும் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை ஒட்டிக் கூடையை இறக்கிவிட்டு, சும்மாட்டுத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். அதே வருஷம் வந்த படம் சூர்யவம்சம். அதில் ராஜ்குமார் இசையமைத்த "நட்சத்திர ஜன்னலில்" பாட்டு முடிவதற்குள் அந்தக் குடும்பம் பஸ் முதலாளி ஆகிவிடும். அதைச் சினிமாத்தனம் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். செய்யுங்கள். கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைக்க ஒரு பஸ் கிடைத்த பொம்பளைக்கு அந்தப் பாட்டு என்னவாகக் கேட்டிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் செய்யுங்கள். அம்மா வாய் திறந்து பாடியதே கிடையாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் மடியில் இருக்கிற சும்மாட்டில் விரலால் தட்டுவாள், தாளம் கொஞ்சம் தப்பும். பக்கத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

"சும்மா ஜாலிக்குத்தானே போட்டோம், இதற்குப் போயா" என்பீர்கள். ஜாலிதான். ஆனால் வட்டம் போட்டவன் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டுவிட்டுப் போடவில்லையே. "தேவா டியூனைச் சுட்டவர்" என்று ஒருத்தர் கமென்ட். சில பாட்டில் அப்படி இருக்கலாம், சரி, கானாவைச் சினிமாவில் அத்தனை பேர் வாயில் முணுமுணுக்க வைத்தவரும் அவர்தான். "ராஜ்குமார் என்றாலே லாலாலா." ஆமாம், லாலாலாதான்! பாட்டு வரிகள் தெரியாதவர்களும் கூடவே பாட முடிந்தது அதனால்தான்.

"ரசனையை வளர்த்துக்கொள்ள வேண்டாமா?" என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு கேள்வி. வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா, சபா கச்சேரிக்கும் போகிறேன், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறேன். அதற்காக அம்மா விரலால் தட்டிய பாட்டை வெளியே தள்ள வேண்டுமா? அது மினி பஸ் பாட்டு. மினி பஸ்ஸில் போனவர்களின் பாட்டு. நீங்கள் சிரித்தது பாட்டைப் பார்த்து மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் அந்த வேனில் இருந்த பழைய சிநேகிதர்களிடம் ஒன்று. நாற்பது வளைவு ஏறுவதற்குள் ஒருத்தராவது "விடுங்கப்பா, ஓடட்டும்" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டவர்கள் மூன்று பேர் அதில் இருந்தீர்கள். அம்மா பரிமாறிய கை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு அந்தப் பாட்டை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை, உங்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட அதிகமாக. இன்று காலை திரும்பச் சேர்த்துவிட்டேன். முன்பு நடுவில் எங்கேயோ இருந்தது, இப்போது கடைசியில், 213ஆவதாக நிற்கிறது.