ஓட ஓட லூசாயிடுமாம்!

"புது செட்டுண்ணே, கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட லூசாயிடும்." இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்ன மெக்கானிக் யாரென்று தெரிந்தால், அவரை அம்மாவின் கைனடிக் ஹோண்டாவுக்கு முன்னால் நிறுத்தி, கிக்கரை ஒருமுறை மிதிக்கச் சொல்வேன். நான் எண்பது கிலோ. மொத்த எடையையும் போட்டு ஏறி நின்றேன். கிக்கர் பாதி வழியில் நின்றது. நானும் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

கியர் கிடையாது, பட்டனைத் தட்டினால் கிளம்பும் என்று 1980களில் வந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். அம்மா அதில்தான் வேலைக்குப் போனார், அதில்தான் என்னை டியூஷனுக்கு இறக்கிவிட்டார். விற்கலாமா என்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது. இன்ஜினில் 'கடகட' சத்தம் வந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கம்பி, அதாவது கன்ராடு, போயிருக்கிறது என்றார்கள். சரி, செய்துவிடுவோம் என்று கொடுத்தேன். புது கன்ராடு கிட், இரண்டு பேரிங், ஆயில் சீல், பிஸ்டன், ரிங், லேத்து கூலி, வேலைக்கூலி. வேலைக்கூலி மட்டும் 2,800 ரூபாய். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அதைக்கூட விடுங்கள்.

கையில் வந்தது ஒரு அம்மிக்கல். செல்ஃப் பட்டனைத் தட்டினால் மோட்டார் முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. போன் பண்ணினால் அதே ஓட ஓட. முதலில் அது ஓட வேண்டாமா ஐயா? சுற்றவே சுற்றாத இன்ஜின் எப்படி ஓடும், எப்படி லூசாகும்?

அதற்குப்பிறகுதான் ஸ்பானரை நானே எடுத்தேன். பிளக்கைக் கழற்றினேன். கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுந்தும் காற்று, காரணமென்றால் பிளக் இல்லாதபோது லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன், பின்சக்கரத்தோடு இருந்த தொடர்பே அறுந்தது, அப்போதும் அதே இறுக்கம். இன்ஜினை இறக்கி, ஹெட்டையும், பிஸ்டன் ஓடும் பிளாக்கையும் உருவினேன். இப்போது பிஸ்டனும் இல்லை, ரிங்கும் இல்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் வெறும் கிராங்க், இரண்டு பேரிங், இரண்டு சீல். இதை விரலால் சுற்ற முடிய வேண்டும். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. புது ரிங் கொஞ்சம் பிடிக்கும், உண்மை. புது ஆயில் சீலின் உதடு லேசாக உரசும், அதுவும் உண்மை. இந்த இரண்டும் ஓட ஓடப் பழகிவிடும். கிராங்க் பேரிங் பழகாது. இறுக்கமாக உட்கார்ந்த பேரிங் சூடாகும், குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜ் உடையும், பக்கத்தில் இருக்கும் சீலைக் கெடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டன் பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். அம்மா பைபாஸில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் அப்படியே பிடித்து நின்றுவிட்டால்? அதைத்தான் இவர்கள் 'லூசாயிடும்' என்கிறார்கள்.

அடுத்தது, கிராங்கைச் சுமக்கும் கூடான கேசிங்கின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகள். எல்லாவற்றையும் அரைச் சுற்று லூசாக்கினேன். அவ்வளவுதான். கிராங்க் இளகியது. திரும்ப இறுக்கினால் திரும்பப் பிடித்தது. அதாவது இரண்டு பேரிங்குக்கும் நடுவே கிராங்க் பக்கவாட்டில் நசுங்கிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பேரிங் தன் குழிக்குள் முழுசாக உட்காரவில்லை.

பிரித்தேன். இடதுபக்க பேரிங் ஒரு ஓரத்தில் மேலே நின்றது, அரை மில்லிமீட்டர் இருக்கும். தட்டி எடுத்தால் குழியின் அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு சுருள். பென்சில் சீவினால் வருமே, அதே மாதிரி, ஆனால் அலுமினியம். ஜில்லென்ற கேசிங்கில் பேரிங்கைக் கோணலாக வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அது குழியின் சுவரைச் சீவிக்கொண்டே இறங்கி, சீவியதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 50 மில்லி விட்டமுள்ள குழி 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.09 மில்லி அளவுக்குப் பெரிதாகும். பேரிங் தானாக இறங்க அது போதும். இதற்கு மெஷினே வேண்டாம், ஒரு அடுப்பும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் ஆயிற்று. பொறுமைக்குத்தான் அந்தக் கடையில் ஸ்டாக் இல்லை.

அதோடு முடிந்ததா? போல்ட்டை லூசாக்கியபோதே கவனித்தேன், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கொஞ்சம் பிடித்து விடுபட்டது. கிராங்கின் முனையைப் பார்த்தால் மறை தலை நசுங்கி, காளான் மாதிரி விரிந்திருக்கிறது. அங்கேயும் சுத்தியல்! இந்த கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு கனமான தட்டு, நடுவில் ஒரு பின், அதில் கன்ராடு, எல்லாம் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பக்கத்தில் ஒரு அடி விழுந்தால் தட்டு நகர்ந்துவிடும். லேத்துக்காரர் டயல் வைத்து நேராக்கிக் கொடுத்ததை மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் கோணலாக்கிவிட்டார். திரும்ப லேத்துக்கு எடுத்துப் போனேன். நூறில் மூன்று நான்கு பங்கு மில்லிக்கு மேல் ஆட்டம் (சுற்றும்போது மையம் விலகுவது) இருக்கக் கூடாத இடத்தில் 0.12 காட்டியது. லேத்துக்காரர் என்னைத்தான் முறைத்தார். "யாருண்ணே இதை அடிச்சது?"

பேரிங் வாங்கப் போன இடத்தில் இன்னொரு கூத்து. சி3 என்று எழுதியிருக்கிற பேரிங் வேண்டும் என்றேன். குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது அது. ஏனென்றால் இறுக்கமான குழியில் அடைத்தாலே உள்ளிருக்கும் இடைவெளி குறைந்துவிடும். கடைக்காரர் சாதா பேரிங்கை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றென்றால் கம்பெனிக்காரன் எதற்கு மெனக்கெட்டு அந்த எழுத்தை அடிக்கிறான்? நான்காவது கடையில்தான் கிடைத்தது.

புது பேரிங்கையும் கிராங்கையும் பாலிதீன் பையில் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் அம்மா கதவைத் திறந்துவிட்டு, "டேய், மீன் வைக்கிற இடத்துல என்னடா வச்சிருக்க?" "உன் வண்டிம்மா." அதற்கப்புறம் சத்தமே இல்லை.

குழியின் சுவரில் இருந்த பிசிறை வழித்துத் துடைத்துவிட்டு, கேசிங்கை அடுப்பில் காட்டினேன். தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று துள்ள வேண்டும், அந்தச் சூடு. பேரிங்கை நேராக வைத்தேன். 'டொக்'. அடிக்கவில்லை, தள்ளவில்லை, அதுவாக விழுந்தது. அந்தச் சத்தத்தை அந்த மெக்கானிக்குக்கு ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்க வேண்டும், தோன்றவில்லை. கிராங்கைப் புல்லர் என்ற இழுக்கும் கருவியை வைத்து இழுத்து உட்கார வைத்தேன். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தேன். கடைசி போல்ட்டுக்குப் பிறகும் ஒற்றை விரலில் சுற்றுகிறது.

நாளைக்கு அந்த 2,800 ரூபாயைக் கேட்கப் போகிறேன். தரமாட்டார், தெரியும். பழைய பேரிங்கை ஒரு பாக்கெட்டிலும் அந்த அலுமினியச் சுருளைத் தீப்பெட்டியில் போட்டு இன்னொரு பாக்கெட்டிலும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் கஸ்டமர் நாலு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து.